ஆர்ஸ் சாமியாரின் தம்பி

தபசு காலம் பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துக் கோவில்களில் ஆர்ஸ் சாமியாரின் உருளைக்கிழங்கும் பிரசங்கத்துக்கு வந்துவிடும். இந்த வருஷமும் வந்தது. முதல் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்த கையோடு சொன்னார்கள். வாரத்துக்கு ஒருமுறை ஒரு சட்டி உருளைக்கிழங்கை அவித்து வைத்துக்கொள்வாராம். பசிக்கும்போது ஒன்றிரண்டு எடுத்துத் தின்பாராம். வாரக் கடைசியில் பூஞ்சை பிடித்துப் போனதையும் தள்ளமாட்டாராம். அர்ச். ஜான் மரிய வியான்னியின் இந்தக் கதையை இதைப் படிக்கிற பெரியவர்கள் எல்லோரும் பலமுறை கேட்டிருப்பீர்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர் சர்க்கரை வியாதிக்காரர். "எனக்கு டாக்டர் உருளைக்கிழங்கே ஆகாதென்று சொல்லிவிட்டார், நான் எப்படி மோட்சம் போவது?" என்று காதோடு கேட்டார். கோவிலில் சிரிக்கக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

உருளைக்கிழங்குக் கதை பொய்யில்லை. ஆனால் அந்தச் சரித்திரத்தில் வேறொரு ஆள் இருக்கிறான். அவனைப் பற்றி எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. அவனைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். தபசு காலத்தை நாங்கள் கரேம் என்போம். கரேம் வந்தால் ஞானோபதேச வகுப்பில் ஆளுக்கொரு புனிதர் சரித்திரத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். ஒரு வருஷம் எனக்கு வந்தது ஆர்ஸ் சாமியார் புத்தகம். லத்தீன் மண்டையில் ஏறாமல் குருமடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர் அவர் என்று படித்ததும் எனக்குப் பிடித்துப்போயிற்று. கணக்கில் நானும் அப்படித்தான். அவருக்குப் பதிலாக அவர் தம்பி பட்டாளத்துக்குப் போனான், பிறகு அவனைப் பற்றித் தகவல் இல்லை என்று அந்தப் புத்தகத்தில் ஓரிடத்தில் இருந்தது. அதைத் தாண்டி அடுத்த பக்கம் போய்விட்டேன். பன்னிரண்டு வயதுப் பையன், வேறென்ன செய்வான்?

ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சரித்திரத்தை வேறு புத்தகங்களில் மறுபடி படித்தேன். இந்த முறை அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

வியான்னி பிறந்தது 1786 மே 8. ஊர் லியோனுக்குப் பக்கத்தில் இருக்கும் தார்தியி. (தமிழ்ப் புத்தகங்களில் டார்டில்லி என்று போடுகிறார்கள். இரண்டு எல் எழுத்தைக் கண்டால் நம்மவர்களுக்கு ல்லி வந்துவிடும்.) விவசாயக் குடும்பம். தந்தை மத்தியே, தாய் மரி. ஆறு பிள்ளைகளில் இவர் நாலாவது. மூத்த அண்ணன் பெயர் பிரான்சுவா. கடைசித் தம்பி பெயரும் பிரான்சுவாதான். இருவரையும் பிரித்துச் சொல்ல, சின்னவனைக் 'கதே', அதாவது இளையவன், என்று வீட்டில் கூப்பிட்டார்கள். நம் வீடுகளில் பெரிய அந்தோணி, சின்ன அந்தோணி என்பது மாதிரி.

அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது பிரெஞ்சுப் புரட்சி. அரசாங்கத்துக்குச் சத்தியப் பிரமாணம் செய்யாத குருக்களைத் தேடித் தேடிப் பிடித்த காலம். 1799இல் பக்கத்து ஊரான எக்குயியில் ஒரு வீட்டுக்குள் ரகசியமாக அவருக்குப் புதுநன்மை கொடுத்தார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சம் தெருவில் தெரியாமலிருக்க, ஜன்னலுக்கு நேரே வைக்கோல் வண்டிகளை நிறுத்தி வைக்கோலை இறக்குவதுபோல் பாவனை செய்தார்களாம். இந்த வைக்கோல் அவர் வாழ்க்கையில் இன்னொரு முறையும் வரும்.

இருபது வயதுக்குப் பக்கத்தில்தான் அவருக்குப் படிப்பே தொடங்குகிறது. எக்குயி பங்குச் சாமியார் பலே என்பவர் அவரைத் தம்மிடம் வைத்து லத்தீன் சொல்லிக்கொடுத்தார். அதற்குள் நெப்போலியன் வந்துவிட்டான். அப்போது கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் இருந்தது. 1798இல் வந்த சட்டம். இருபதிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஆண்களின் பெயர்களைப் பட்டியல் எடுத்து, சீட்டு எடுக்க வைப்பார்கள். சின்ன எண் வந்தவன் போகவேண்டும். பெரிய எண் வந்தவன் தப்பித்தான். போகவேண்டியவன் காசு கொடுத்துத் தனக்குப் பதிலாக வேறொருவனை அனுப்பலாம். சட்டமே அதை அனுமதித்தது. அந்த ஆளுக்கு 'ரம்ப்ளசான்' என்று பெயர். தமிழில் பதிலாள் என்று சொல்லலாம். காசிருப்பவன் வீட்டில் இருப்பான், காசில்லாதவன் குண்டுக்கு முன்னால் நிற்பான். வேறு பெயர் வைத்து இதை அழகாக்க முடியாது.

குருமட மாணவர்களுக்கு அப்போது விலக்கு இருந்தது. அப்படியிருந்தும் 1809இல் வியான்னிக்கு அழைப்பு வந்துவிட்டது. ஸ்பெயின் சண்டைக்கு ஆள் போதாமல் சில மறைமாவட்டங்களில் விலக்கை நெப்போலியன் எடுத்துவிட்டான் என்று ஒரு சாரார் எழுதியிருக்கிறார்கள். விலக்குப் பெற்றவர்கள் பட்டியலில் இவர் பெயர் விடுபட்டுப்போனதுதான் காரணம் என்று வேறு சிலர் எழுதியிருக்கிறார்கள். முப்பத்தைந்து வருஷம் பட்டியல் எழுதியே காலம் தள்ளியவன் நான். இரண்டாவது காரணத்தைப் படித்ததும் எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. ஒரு பெயர் விடுபடுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். மேசை விளக்குக்குக் கீழே எழுதிக்கொண்டிருக்கிறோம், யாரோ கூப்பிடுகிறார்கள், எழுந்து போய்விட்டு வந்து அடுத்த வரியிலிருந்து தொடங்குகிறோம். அவ்வளவுதான். அந்த வரிக்குச் சொந்தக்காரன் எங்கேயோ ஒரு ஊரில் இருக்கிறான்.

தந்தை மத்தியே ஒரு பதிலாளைப் பிடித்தார். மூவாயிரம் பிராங்க் என்று பேச்சு. ஒப்புக்கொண்ட பையன் இரண்டு மூன்று நாளில் மனம் மாறி, வாங்கின பணத்தையும் மூட்டையையும் வியான்னி வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான். ஆகவே ஜான் மரியே கிளம்பவேண்டியதாயிற்று.

லியோன் பாசறையில் சேர்ந்த சில நாளிலேயே காய்ச்சல். ஆஸ்பத்திரி. அங்கிருந்து ரொஆன் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். அங்கேயும் ஆஸ்பத்திரி. 1810 ஜனவரி 5ஆம் தேதி, மறுநாள் ஸ்பெயின் எல்லைக்குப் புறப்படும் படையோடு போவதற்கு வழித்தாள் வாங்க ஆபீசுக்கு வரச்சொன்னார்கள். போகிற வழியில் ஒரு கோவில். உள்ளே போய் முழங்கால் போட்டவர் நேரத்தை மறந்துவிட்டார். வெளியே வந்து பார்த்தால் ஆபீஸ் மூடிக்கிடந்தது. மறுநாள் காலையில் போனால் படை புறப்பட்டுப் போய்விட்டது. அதிகாரி விலங்கு மாட்டுவேன் என்று மிரட்டி, பிறகு தாளைக் கொடுத்து, ஓடிப்போய்ப் பிடித்துக்கொள் என்று அனுப்பினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உடம்பு. குளிர்காலம். தனியாக நடக்கிறார். வழியில் உட்கார்ந்துவிட்டார். அப்போது ஒருவன் வந்து அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, என் பின்னால் வா என்றான். அவனும் படைக்குப் போகாமல் ஒளிந்திருக்கிறவன்தான். மலைப்பக்கம் இருக்கும் லே நோயே என்ற ஊருக்குக் கூட்டிப்போய்விட்டான். காடும் மேடுமான ஊர். படைக்குப் பயந்து வந்தவர்களை அந்த ஊர் மேர் பால் ஃபாயோவே தம் வீட்டில் ஒளித்து வைத்திருந்தார்! மெரியில் முத்திரை குத்துகிறவர் கையே இப்படி. வியான்னியைத் தம் உறவுக்காரியான கிளோதின் ஃபாயோ என்ற விதவை வீட்டுக்கு அனுப்பினார். பெயரை ஜெரோம் வேன்சான் என்று மாற்றிக்கொண்டு, பகலில் பிள்ளைகளுக்கு எழுத்தும் ஜெபமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, போலீஸ் வரும்போது தொழுவத்தில் ஒளிந்துகொண்டு ஏறக்குறைய ஒரு வருஷம் அங்கே இருந்தார். ஒருமுறை வைக்கோல் போருக்குள் புதைந்திருந்தபோது அந்தச் சூட்டில் மூச்சு முட்டிச் செத்துப்போகத் தெரிந்தாராம். புதுநன்மையை மறைத்த அதே வைக்கோல்.

அவர் வேண்டுமென்றே ஓடினாரா, தற்செயலாக நடந்ததா என்று எழுத்தாளர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. முதல் நாள் தற்செயல் என்றே வைத்துக்கொண்டாலும், பெயரை மாற்றிக்கொண்டு அங்கேயே இருந்தது தற்செயல் இல்லையே.

அந்த விதவை உடம்பு சரியில்லாமல் லியோன் பக்கம் ஊற்றுநீர்க் குளியலுக்கு வந்தபோது வியான்னியின் கடிதத்தை எடுத்துக்கொண்டு தார்தியி வீட்டுக்குப் போனாள். தாய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தந்தைக்குக் கோபம். போலீஸ் அவரைத்தானே நாளும் குடைந்துகொண்டிருந்தது.

1810இல் நெப்போலியன் ஆஸ்திரிய இளவரசியைக் கல்யாணம் செய்துகொண்டான். அந்தச் சந்தோஷத்தில் ஓடினவர்களுக்கு மன்னிப்பு அறிவித்தார்கள். சும்மா இல்லை. ஒன்று நீ வந்து சேரவேண்டும், அல்லது உனக்குப் பதிலாக ஒருவன் வரவேண்டும். கதே போகிறேன் என்றான். அவனுக்கும் அழைப்பு வரவேண்டிய வயதுதான். முன்கூட்டியே அண்ணனுக்குப் பதிலாகப் போவதற்கு, சொத்தில் அண்ணன் பங்கிலிருந்து மூவாயிரம் பிராங்க் அவனுக்கு என்று ஏற்பாடு. வாசலில் பையை வைத்துவிட்டுப் போன அந்தப் பையனுக்குப் பேசிய அதே தொகை.

கதே போனான். ஜான் மரி 1811 தொடக்கத்தில் வீடு திரும்பினார். சில வாரங்களில், பிப்ரவரி 8ஆம் தேதி, தாய் இறந்துபோனாள். 1813இல் ஜெர்மனியில் நெப்போலியனின் படை சிதறியது. அந்த வருஷத்துக்குப் பிறகு கதேயிடமிருந்து ஒரு வரி இல்லை. செத்தான் என்றும் தாள் வரவில்லை, இருக்கிறான் என்றும் வரவில்லை.

புதுச்சேரியில் சொல்தா வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது என்னவென்று நான் சொல்லவேண்டியதில்லை. இந்தோ-சீனாவுக்குப் போன பிள்ளைக்காகத் தபால்காரன் வரும் நேரத்துக்குத் திண்ணையில் வந்து உட்கார்ந்த ஆயாக்களை நம் தலைமுறைக்குத் தெரியும். பென்ஷன் வாங்கும் கும்பல்தான் இப்போது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது.

அதே 1813இல் அண்ணன் லியோன் பெரிய குருமடத்தில் சேர்ந்தார். பாடம் லத்தீனில். ஒன்றும் புரியவில்லை. சில மாதங்களில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பலே சாமியார் விடவில்லை. வீட்டில் வைத்துப் பிரெஞ்சிலேயே சொல்லிக்கொடுத்து, அதிகாரிகளிடம் பரிந்து பேசி, 1815 ஆகஸ்ட் 13ஆம் தேதி கிரெனோபிளில் குருப்பட்டம் வாங்கவைத்தார். வாட்டர்லூ முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நெப்போலியனே போய்விட்டான். லியோனிலிருந்து கிரெனோபிளுக்கு நடந்து போன அந்தப் பாதையெல்லாம் ஆஸ்திரியப் படைக்காரர்கள். தம்பி இருந்திருந்தால் அந்த வருஷம் வீட்டுக்கு வந்திருக்கவேண்டியவன். அந்தச் சிப்பாய்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டுதானே அவர் நடந்திருப்பார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். புத்தகத்தில் அப்படி இல்லை, என் நினைப்புதான்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்தது. 1818 பிப்ரவரியில் ஆர்ஸ் என்ற பட்டிக்காட்டுக்கு அனுப்பினார்கள். சுமார் 230 பேர் வாழ்ந்த ஊர். அவர் அங்கே போய்ச் சேர்ந்ததே தபசு காலத்தில்தான் என்பதை யாரும் சொல்வதில்லை. அந்த வருஷம் உயிர்த்த ஞாயிறு மார்ச் 22. அதற்கு முன்னால் அது வரவே முடியாது. ஆகையால் விபூதிப் புதன் பிப்ரவரி 4. சாமியார் வந்தது அதற்கு மறுவாரம். வந்ததும் நல்ல மெத்தையைக் கொடுத்துவிட்டார், நாற்காலி மேசைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார், உருளைக்கிழங்குச் சட்டியைத் தொங்கவிட்டார். ஊர் ஜனங்கள் மனம் திரும்ப அவர் பட்டினி கிடந்தார் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். சரிதான். ஆனால் தபசு அவருக்கு ஆர்ஸில் தொடங்கவில்லை. எக்குயியில் உதவிக் குருவாக இருந்தபோதே பலேயும் அவரும் போட்டி போட்டுப் பட்டினி கிடந்தார்கள். இவர் மிதமிஞ்சித் தபசு செய்கிறார் என்று அவரும், அவர் மிதமிஞ்சிச் செய்கிறார் என்று இவரும் மேலிடத்தில் புகார் செய்தார்களாம். ஒரே ஆபீசிலிருந்து இரண்டு மனு! வாங்கின அதிகாரி சிரித்திருப்பார்.

வயதான பிறகு அந்தப் பட்டினியையெல்லாம் தம் இளமைக் கிறுக்குத்தனம் என்று அவரே சொன்னார். பிறர் அப்படிச் செய்யவேண்டாம் என்றார். நம் பிரசங்கிகள் சட்டியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கோடைகாலத்தில் பதினாறு மணி நேரம் வரை உட்கார்ந்திருப்பார். பிரான்ஸ் முழுவதிலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். லியோன் ரயில் நிலையத்தில் ஆர்ஸ் போகிறவர்களுக்கென்று தனியாக டிக்கெட் கொடுக்கும் இடமே வைக்கவேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய பாவிகளுக்கும் அவர் கொடுத்த அபராதம் சின்னது. எப்படி இவ்வளவு இலேசாக விடுகிறீர்கள் என்று இன்னொரு குரு கேட்டதற்கு, அவர்களுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு மீதியை அவர்களுக்குப் பதிலாக நான் செய்துவிடுகிறேன் என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார்.

பதிலாக. இந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தனக்குப் பதிலாக ஒருவன் போய்த் திரும்பி வராமல்போன மனுஷன், நாற்பது வருஷம் முன்பின் தெரியாதவர்களுக்குப் பதிலாகத் தான் போய்க்கொண்டிருந்தார். மூவாயிரம் பிராங்கால் அந்தக் கணக்கு நேராகவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். கடன் கொடுத்தவன் கண்காணாமல் போய்விட்டான். யாரிடம் அடைப்பது? வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அடைத்தார் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். வேதசாஸ்திரம் படித்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்களோ என்னவோ. ஒரு குமாஸ்தா பேரேட்டைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறேன்.

அவரைப் புகழ்ந்ததெல்லாம் அவருக்குப் பொருந்தவில்லை. சுற்று வட்டாரக் குருக்கள் சிலர், இவர் படிப்பில்லாதவர் என்று மேற்றிராணியாருக்கு எழுதின ஒரு மனு தவறிப்போய் இவர் கைக்கே வந்தது. படித்துவிட்டுத் தாமும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். 1855இல் லெழியோன் தொனேர் பதக்கம் கொடுத்தார்கள். கொடுத்தது யார்? மூன்றாம் நெப்போலியன். எந்த நெப்போலியனின் படையிலிருந்து இவர் தப்பினாரோ அவனுடைய தம்பி மகன். பதக்கத்துக்கென்று பன்னிரண்டு பிராங்க் செலுத்தச் சொன்னபோது, அந்தக் காசு ஏழைகளுக்கு ஆகும் என்று சொல்லி மறுத்துவிட்டார். உயிரோடிருந்தவரையில் அதைக் குத்திக்கொள்ளவேயில்லை. தாழ்ச்சி என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பட்டாளத்துப் பதக்கத்தை அந்த மனுஷன் எந்த முகத்தோடு குத்திக்கொள்வார்?

ஆர்ஸை விட்டு ஓடிப்போகவும் பார்த்தார். 1843இல் கடும் நோய் கண்டு எழுந்த பிறகு, ராத்திரியோடு ராத்திரியாக நடந்து போனது எங்கே தெரியுமா? தார்தியி. மூத்த அண்ணன் பிரான்சுவா வீட்டுக்கு, அதாவது கதே மூட்டையோடு புறப்பட்டுப் போன அதே வீட்டுக்கு. ஜனங்கள் அங்கேயும் தேடி வந்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் திரும்பிவிட்டார். 1859 ஆகஸ்ட் 4ஆம் தேதி ஆர்ஸிலேயே இறந்தார். 1925 மே மாதத்தில், குழந்தை தெரேசம்மாளுக்கு இரண்டு வாரம் கழித்து, பதினோராம் பத்திநாதர் அவருக்கும் அர்ச்சியசிஷ்ட பட்டம் கொடுத்தார்.

என் விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது. எழுதாமல் விட்டால் ஒளித்ததுபோல் ஆகும். அப்பா தவறியபோது அண்ணனுக்குப் பதினாறு வயது, எனக்குப் பதினொன்று. இருவரில் அண்ணன்தான் நன்றாகப் படிப்பவர். அவர் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதப் போனார். நான் பிரெவே வரை படித்து, அரசாங்க உத்தியோகம் பார்த்து, பென்ஷனும் வாங்குகிறேன். அவர் கடைசிவரை துணிக்கடையில் நின்று காலில் நரம்பு சுருட்டி, எட்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச்சேர்ந்தார். நீங்கள் எனக்காகப் போனீர்கள் அண்ணா என்று ஒருநாளாவது நான் சொன்னதில்லை. தீபாவளிக்கும் நத்தாருக்கும் வேட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதுவும் அவர் கடையிலேயே வாங்கினது.

போன வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் ஐந்தாம் ஸ்தலம் வந்தபோது, சீரேனே ஊர் சீமோன் சிலுவையைத் தூக்கினது பற்றி வாசித்தார்கள். எனக்குக் கால் வலி, நான் உட்கார்ந்தே இருந்தேன். முடிந்ததும் பங்கு அலுவலகத்துக்குப் போய் இரண்டு பூசைக்கு எழுதச் சொன்னேன். ஒன்று அண்ணன் ஆத்துமத்துக்கு. இன்னொன்று பிரான்சுவா வியான்னிக்கு. அங்கிருந்த பையன் இரண்டாவது பெயரை எழுத்துக்கூட்டி எழுதிவிட்டு, உங்கள் சொந்தக்காரரா தாத்தா என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. பெயர் விடுபடாமல் இரண்டும் நோட்டில் ஏறியிருக்கிறதா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்தேன். ஏறியிருந்தது. பணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு வந்தேன்.